தெளிந்த நீரும் தூய நீரும்

நம் முன்னோர் வீடுகளிலே தண்ணீர்ப் பானைக்கு அருகில் தேற்றாங்கொட்டை ஒன்று இருக்கும். மாரி காலத்தில் நீர் கலங்கி வருமாயின், பானையின் உட்புறத்தில் அக்கொட்டையைச் சிறிது உரைத்து, அதன்மேல் நீரை ஊற்றி வைப்பர். சற்று நேரத்தில் மண் அடியிலே படிந்துவிடும்; மேலே பளிங்கு போன்ற நீர் நிற்கும். இது நல்ல வழக்கமே. நீரிலே மிதக்கும் நுண்ணிய களித்துகள்களை ஒன்றுசேர்த்துப் படியச் செய்யும் ஆற்றல் தேற்றாங்கொட்டைக்கு உண்டு என்பதை இக்கால விஞ்ஞானமும் ஒப்புக்கொள்ளுகின்றது.

ஆயினும் இவ்வழக்கம் நம் உள்ளத்திலே ஓர் எண்ணத்தை ஆழமாகப் பதித்துவிட்டது. தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் என்பதே அவ்வெண்ணம். களைநாசினிகளைப் பொறுத்தவரை இது பிழையான எண்ணம். களைநாசினி கரைந்த நீர் கலங்குவதில்லை, நிறம் மாறுவதில்லை, நீர்நிலைகளிற் காணப்படும் சிற்றளவிலே அதற்கு மணமோ சுவையோ இருப்பதும் இல்லை. துணியால் வடித்தாலும் அது துணியைக் கடந்து செல்லும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். களைநாசினி பெரும்பாலும் அப்படியே நிற்கும். நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவுங் கூடும்.

அவ்வாறாயின் அதனை எவ்வாறு அகற்றுவது? இவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்று, நாம் பானையின் அடியிலே படியவைத்து வெளியே கொட்டுகின்றோமே, அந்தக் களிமண்ணிலேயே இருக்கின்றது. அதனைப் பற்றியே இன்று பேசவிருக்கின்றேன்.

முதலில் அளவைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், குடிநீரில் எந்த ஒரு பீடைநாசினியும் ஓர் இலீற்றருக்கு 0.1 மைக்குரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. மைக்குரோகிராம் என்பது ஒரு கிராமிற் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இக்கணக்கின்படி ஒரு கிராம் களைநாசினி, ஒரு கோடி இலீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டு வந்துவிடும். நான்கு மீற்றர் விட்டமும் மூன்று மீற்றர் நீராழமும் உள்ள ஒரு தோட்டக் கிணற்றில் ஏறக்குறைய 37,700 இலீற்றர் நீர் இருக்கும். அத்தகைய 265 கிணறுகளுக்கு அந்த ஒரு கிராமே போதும். இந்த எல்லையைத் தாண்டியவுடனே நோய் வந்துவிடும் என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. குடிநீரில் இப்பொருள்கள் இருத்தலே தகாது என்னும் முன்னெச்சரிக்கையாகவே அவ்வளவு குறுகிய எல்லை வகுக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் ஒவ்வொரு நஞ்சின் தன்மையையும் தனித்தனியே ஆராய்ந்து எல்லை கூறுகின்றது. 2,4-டி என்னும் களைநாசினிக்கு அது கூறும் எல்லை இலீற்றருக்கு 30 மைக்குரோகிராம். இவ்விரண்டினுள் எதனை எடுத்துக்கொண்டாலும், கண்ணுக்குத் தெரியாத ஓர் அளவைப் பற்றியே நாம் பேசுகின்றோம் என்பது தெளிவு.

நம் நாட்டிலே இதனைப் பிறர் கவலை என்று தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கியிருக்கும் மழைநீரே கிணற்று நீர். தோட்டத்துக்கு இறைப்பதும் அந்நீர். குழந்தைக்குக் கொடுப்பதும் அந்நீர். செம்மண்ணின் மேலே தெளித்தது, மழையோடும் இறைத்த நீரோடும் கலந்து, அதிக தூரம் செல்லாமலே கிணற்றை அடையக்கூடும். சட்டங்கள் வருவதும் போவதும் நாம் அறிந்தவையே. பரகுவாற்று என்னும் களைநாசினி 2008 ஆம் ஆண்டு தொடங்கி 2011 வரை படிப்படியாக இலங்கையில் விலக்கப்பட்டது. கிளைபோசேற்று 2015 இல் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. 2022 இல் நீக்கப்பட்டது. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய்க்கும் களைநாசினிக்கும் தொடர்புண்டா என்னும் வாதமும் இத்தடையோடு சேர்ந்தே எழுந்தது. அந்நோயின் காரணம் ஐயத்துக்கு இடமின்றி இன்னும் நிறுவப்படவில்லை. எனினும், காரணம் நிறுவப்படும்வரை கிணற்றை மறந்திருக்கலாம் என்று கூறுவார் எவரும் இலர்.

இனிக் களிமண்ணுக்கு வருவோம். பரகுவாற்றை ஒருகாலத்திற் பயன்படுத்திய கமக்காரர் ஓர் உண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தனர். மருந்தைக் கலங்கல் நீரிலே கலந்து தெளித்தால் புல் சாகாது. கிளைபோசேற்றைப் பயன்படுத்துவோருக்கும் தெளிந்த நீரிற் கலக்குமாறே அறிவுரை கூறப்படுகின்றது. இதற்குக் காரணம் என்ன? தெளிகருவியினுள்ளேயே களிமண் அந்நஞ்சைப் பிடித்துவிடுகின்றது. பிடிபட்ட நஞ்சு இலையினுட் செல்வதில்லை. கமக்காரருக்கு நட்டமாகத் தோன்றும் இச்செயலே, குடிநீரை ஆராய்வோருக்கு நம்பிக்கை தருகின்றது.

இவ்வாறு பிடித்தலுக்குப் புறத்துறிஞ்சல் என்று பெயர். பஞ்சு நீரை உள்ளே இழுத்துக்கொள்வது வேறு, இது வேறு. புதர் வழியே நடந்து வந்தபின் வேட்டியைப் பாருங்கள். நாயுருவி விதைகள் ஓரமெங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். துணியின் உள்ளே அவை கரைந்துவிடவில்லை. அதன் புறத்தே பற்றிக்கொண்டிருக்கின்றன. புறத்துறிஞ்சலும் அத்தகையதே. ஆகவே, புறப்பரப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குப் பிடிக்கும் ஆற்றலும் பெரிதாகும்.

மொந்தமொரிலோனைற்று என்னும் களிக்கனிமம் இதற்குப் பேர்பெற்றது. பிரான்சு நாட்டின் மொந்தமொரிலோன் என்னும் ஊரின் பெயரால் 1847 இல் அதற்கு இப்பெயர் வழங்கப்பட்டது. அதன் அமைப்பை ஓர் ஏட்டுச்சுவடிக்கு ஒப்பிடலாம். ஒவ்வோர் ஏடும் ஏறத்தாழ ஒரு நனோமீற்றர், அதாவது ஒரு மீற்றரில் நூறு கோடியில் ஒரு பங்கு, தடிப்புடையது. ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இடையே நீரும் சில உலோக அயன்களும் இருக்கின்றன. அயன் என்பது மின்னேற்றம் பெற்ற அணு அல்லது மூலக்கூறு. நீர் புகும்போது ஏடுகள் விலகிச் சுவடி பருக்கின்றது; உலரும்போது சுருங்குகின்றது. மன்னார் மாவட்டத்து முருங்கனிலே கருங்களி நிலம் கோடையில் வெடித்துப் பிளப்பதையும், மாரியில் ஊதிச் சேறாவதையும் கண்டிருப்பீர்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அதற்குக் களிமண் கொடுத்த ஊரும் அதுவே. அந்நிலத்தின் இயல்புக்குக் காரணம் இவ்வகைக் களியே.

இந்த ஏடுகளின் பரப்பையெல்லாம் விரித்து அளந்தால், ஒரு கிராம் களிக்கு ஏறக்குறைய 750 சதுர மீற்றர் வரும். தோட்டக் காணிக் கணக்கில் ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு அல்லவா? அக்கணக்கின்படி ஒரு கிராம் களியினுள்ளே மூன்று பரப்புக் காணி மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது எனலாம்.

பரப்பு மட்டும் போதாது. பற்றுவதற்கு ஒரு காரணமும் வேண்டும். இக்களியின் ஏடுகளில் அலுமினியம் இருக்கவேண்டிய சில இடங்களில் மகனீசியம் அமர்ந்திருக்கின்றது. அலுமினியத்துக்கு நேரேற்றம் மூன்று, மகனீசியத்துக்கு இரண்டு. எனவே, ஒவ்வோர் இடமாற்றத்திலும் நேரேற்றம் ஒன்று குறைய, ஏடு முழுவதும் மறையேற்றம் உடையதாகின்றது. பரகுவாற்றின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு நேரேற்றங்களைத் தாங்கியது, உருவத்திலும் தட்டையானது. மறையேற்றமுள்ள ஏடுகளுக்கிடையே அது வழுக்கிச் சென்று படுத்துக்கொள்கின்றது. ஊடுகதிர்ச் சோதனையில் ஏடுகளின் இடைத்தூரம் ஏறத்தாழ 1.26 நனோமீற்றராகக் காணப்படுவதால், அது உள்ளே புகுந்துவிட்டமை வெளிப்படுகின்றது. புகுந்தபின் எளிதில் வெளியேறுவதும் இல்லை.

இதனைக் கேட்டவுடன், ‘அப்படியானால் கருங்களியைக் கொண்டே எல்லாக் களைநாசினிகளையும் அகற்றிவிடலாமே’ என்று எண்ணத் தோன்றும். இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். நெல்வயல்களிலே அகன்ற இலைக் களைகளுக்கு எம். சி. பி. ஏ. என்னும் நாசினி நம் நாட்டில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. அதுவும் அதன் உறவாகிய 2,4-டியும் அமிலங்கள். சாதாரணக் கிணற்று நீரிலே அவை மறையேற்றமுள்ள அயன்களாகவே இருக்கும். ஏடும் மறை, நஞ்சும் மறை. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். எனவே பரகுவாற்றை இறுகப் பற்றிய அதே களி, எம். சி. பி. ஏ.யைப் பெரும்பாலும் போகவிட்டுவிடும். மண்ணிலே அது தங்காமல் நீரோடு கீழிறங்குவதற்கும் இதுவே காரணம்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு; அதுவும் ஏட்டுச்சுவடி அமைப்பே. நோர்வே நாட்டின் சினாரும் என்னும் இடத்திற் கிடைத்த வெண்ணிறக் கனிமம் ஒன்றுக்கு 1842 இல் ஐதரோதால்சைற்று என்று பெயரிட்டனர். வயிற்றெரிவுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகள் சிலவற்றில் இதுவே மருந்து. இதன் ஏடுகள் மகனீசியம் ஐதரொட்சைட்டினால் ஆனவை. அவற்றிலே மகனீசியம் இருக்கவேண்டிய சில இடங்களில் அலுமினியம் அமர்ந்திருக்கின்றது. களியில் நடந்ததற்கு நேர்மாறான இடமாற்றம் இது. இரண்டுக்குப் பதில் மூன்று வருவதால் ஏடு நேரேற்றம் பெறுகின்றது. இந்நேரேற்றத்தை ஈடுசெய்வதற்காகக் காபனேற்று அயன்கள் இடையிலே தங்குகின்றன. அதே இரண்டு உலோகங்கள். இடம் மாறியதால் இயல்பும் மாறிவிட்டது. மறையேற்றமுள்ள எம். சி. பி. ஏ., 2,4-டி போன்றவற்றைப் பற்றவல்ல ஏடுகள் இவ்வாறு நமக்குக் கிடைக்கின்றன. நிலத்தை அகழ்ந்து தேடவேண்டும் என்பதும் இல்லை. மகனீசிய உப்பையும் அலுமினிய உப்பையும் கரைத்துக் காரத்தோடு சேர்த்தால் ஆய்கூடத்திலேயே இதனைப் படிவாகப் பெறலாம்.

ஆனால் ஓர் இடையூறு உண்டு. காபனேற்று அயன் அந்த ஏடுகளை மிக இறுகப் பற்றியிருக்கும்; வந்த விருந்தினருக்கு இடங்கொடாது. ஆகவே அறிஞர் ஒரு வழி கண்டனர். கனிமத்தை ஏறத்தாழ 500 பாகை செல்சியசில் சுட்டால், நீரும் காபனேற்றும் வெளியேறி ஏடுகள் குலைந்து வெறும் ஒட்சைட்டுத் தூளாகும். அத்தூளை நீரிலே இட்டால், அது பழைய ஏட்டமைப்பை மீண்டும் பெறும். அவ்வாறு மீளும்போது இடையை நிரப்புவதற்கு அருகிலுள்ள மறை அயன்களை இழுத்துக்கொள்ளும். களைநாசினி அயன் அங்கே இருந்தால் அதனையும் இழுக்கும். இத்தன்மையை இக்கனிமத்தின் ‘நினைவாற்றல்’ என்று கூறுவர். இம்மாற்றத்தின்போது நீரிலே காரத்தன்மை மிகுவதால், பின்னர் அதனைச் சீர்செய்வதும் அவசியமாகும்.

மூன்றாவது வகையும் ஒன்றுண்டு. சோளத் தோட்டங்களிலே உலகெங்கும் பெரிதும் பயன்பட்ட அத்திரசீன், சாதாரண நீரில் மின்னேற்றம் எதனையும் தாங்குவதில்லை. நேரேட்டுக்கும் அதன்மேல் அத்துணை விருப்பில்லை, மறையேட்டுக்கும் இல்லை. இத்தகையவற்றுக்காகக் களியின் ஏடுகளுக்கிடையே நீண்ட கொழுப்புச் சங்கிலியுடைய நேரயன்களைப் புகுத்துவர். நீரை விரும்பிய களி, நெய்ப்பற்றுடைய களியாக மாறும். நீரிலே கரைய அதிகம் விரும்பாத நஞ்சு அதனிடம் ஒதுங்கும். ஆயினும் இவ்வகை நஞ்சுக்கு நம் நாட்டவர் தேடவேண்டிய பொருள் முதற்கண் வேறொன்று. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து ஆக்கப்படும் ஊக்கிய கரியே அது. நாம் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் அக்கரி, ஏற்றமில்லா நஞ்சுகளைப் பற்றுவதிற் பேராற்றல் வாய்ந்தது.

ஆகவே நேயர்களே, ‘நல்ல வடி எது?’ என்று கேட்பதற்கு முன்னர், ‘எந்த நஞ்சு?’ என்று கேட்டல் வேண்டும். எல்லாவற்றையும் அகற்றும் என்று கூறி ஒரே பொருளை விற்க வருவோரிடம் இவ்வினாவைத் தயங்காது கேளுங்கள். விடை கூற இயலாதவரிடம் பணத்தைக் கொடாதீர்கள்.

இன்னொரு வினாவும் கேட்கவேண்டும்: ‘எந்த நீர்?’ ஆய்கூடத்திலே வடித்தெடுத்த தூய நீரில் ஒரே ஒரு நஞ்சைக் கரைத்துச் சோதிக்கும்போது பெறும் பேறு, கிணற்றிலே கிடைப்பதில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையினூடே வருவது. கேத்தலின் அடியிலே படியும் வெண்படையே அதற்குச் சான்று. அந்நீரிலே இருகாபனேற்று அயன்கள் ஓர் இலீற்றருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் அளவில் உண்டு. நஞ்சோ மைக்குரோகிராம் அளவில் உள்ளது. ஐதரோதால்சைற்றின் ஏடுகளுக்கிடையே இடம்பிடிக்க, ஒரு நஞ்சு அயனோடு பல்லாயிரம் வேறு அயன்கள் போட்டியிடும். சல்பேற்றும், உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றும் அப்போட்டியிற் சேரும். நோர்வேயின் மலைநீரிலே நன்கு வேலைசெய்யும் ஒரு கனிமம், நம் சுண்ணாம்பு நீரிலே விரைவிற் களைத்துவிடலாம். எனவே எந்தப் பொருளானாலும் எந்த ஊரிற் பயன்படுமோ அந்த ஊரின் நீரிலேயே அதனைச் சோதித்தல் வேண்டும். இஃது ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய விதியன்று; கிராமசபைக்கும் பாடசாலைக்கும் நீர்வடி வாங்கிக் கொடுக்கும் நன்கொடையாளருக்கும் உரியது.

செயலளவிலும் சில இடர்ப்பாடுகள் உள. நுண்டூளான களியினூடே நீர் செல்வது அரிது. ஏடுகள் பருத்தவுடன் வழி அடைபட்டுவிடும். ஆதலால் அதனை மணிகளாகத் திரட்ட வேண்டும். அன்றேல் பெரிய தொட்டியிலே நீரோடு கலக்கிப் பின்னர்ப் படியவைக்க வேண்டும். படியவைப்பதற்குப் படிகாரம் பயன்படும். தேற்றாங்கொட்டையும் இவ்விடத்திலே நினைவுக்கு வருகின்றதல்லவா? முன்னோர் செய்தது பிழையன்று. களி தன் வேலையைச் செய்து முடித்தபின்னரே அதனைப் படியவைக்க வேண்டும் என்பதுதான் புதிய பாடம்.

அடுத்து, நிரம்பிய வடியைப் பற்றிய எச்சரிக்கை. நாயுருவி விதை வேட்டியின் ஓரமெங்கும் ஒட்டியபின் மேலும் ஒட்ட இடமில்லை. கனிமமும் அத்தகையதே. நிரம்பிவிட்டால் நஞ்சை அப்படியே கடந்துபோக விடும். அப்போது நீரின் நிறம் மாறாது, மணம் மாறாது, குடிப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஆகவே, உரிய காலத்தில் நீரைச் சோதித்துக் கனிமத்தை மாற்றுவோர் இல்லாத வடி, பொய்யான நம்பிக்கையை மட்டுமே தரும். அந்நம்பிக்கையோ வடி இல்லாமையினும் கொடியது. ஏனெனில், வடி இல்லாதவன் ஐயத்தோடு குடிப்பான். வடி உள்ளவன் அச்சமின்றிக் குழந்தைக்கும் கொடுப்பான்.

பயன்பட்ட கனிமத்தை என்ன செய்வது? நஞ்சு அழிந்துவிடவில்லை, நீரிலிருந்து களிக்கு இடம் பெயர்ந்திருக்கின்றது, அவ்வளவே. அக்களியைக் கிணற்றடி வேலியோரத்திலே கொட்டினால் நாம் செய்த வேலை என்ன? ஐதரோதால்சைற்றை மீண்டும் சுட்டால், பற்றியிருந்த கரிமப்பொருள் எரிந்து, தூள் மறுபடியும் பயன்படும். ஆயினும் சுடுந்தோறும் அதன் ஆற்றல் சிறிது சிறிதாகக் குறைந்து வரும். தக்க சூளையும் புகையைக் கவனிக்கும் ஏற்பாடும் இன்றி இதனை வீட்டிலே செய்யலாகாது. இன்னுமொன்று: களிமண்ணை அள்ளிக் குடத்திலிட்டுக் கலக்கிக் குடித்தால் நஞ்சு நீங்கும் என்று என் பேச்சை எவரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். நான் கூறியது நீரளிக்கும் நிலையங்களும் ஆய்கூடங்களும் அளவறிந்து செய்யவேண்டிய முறை.

வீட்டிலும் தோட்டத்திலும் நாம் செய்யவேண்டியது வேறு. தெளிகருவியைக் கிணற்றுக்கட்டில் வைத்துக் கழுவாதிருத்தல். மருந்துப் போத்தலைக் கிணற்று வாளியிலே அலசாதிருத்தல். மழை வருங் குறி தெரியும்போது தெளிக்காதிருத்தல். மண்வெட்டியாற் கொத்தி அகற்றக்கூடிய புல்லுக்கு மருந்தை நாடாதிருத்தல். ஒரு கிராம் 265 கிணற்றுக்குப் போதும் என்ற கணக்கை நினைவில் வைத்தால், வெறுமை என்று எண்ணி எறியும் போத்தலின் அடியிலே தங்கும் சில துளிகளின் பெறுமதி விளங்கும். நீரிற் கலந்தபின் ஒரு கோடி இலீற்றரிலிருந்து அந்த ஒரு கிராமைப் பிரித்தெடுக்க, ஏடேடாக அடுக்கிய கனிமமும், சூளையும், சோதனைச்சாலையும், பயின்ற கைகளும் வேண்டும். கலக்கும் முன்னர் அதனைத் தடுக்க ஒரு மனிதனின் கவனம் போதும்.

நாளைக் காலையிற் கிணற்றிலிருந்து வாளியைத் தூக்கும்போது நீர் பளிங்குபோல் இருக்கக் காண்பீர்கள். அத்தெளிவைக் கண்டு மகிழுங்கள். ஆனால் அதனையே சான்றாகக் கொள்ளாதீர்கள். உங்கள் ஊர்க் கிணறுகளைச் சூழ எந்த நாசினிகள் தெளிக்கப்படுகின்றன என்பதை ஒரு தாளிலே எழுதி வையுங்கள். நீரைச் சோதிக்க வருவோர் முதலிற் கேட்பது அந்தப் பட்டியலையே. எதனைத் தேடுவது என்று அறிந்தபின்னரே, எந்த ஏட்டிலே அதனைப் பிடிப்பது என்று முடிவுசெய்ய இயலும்.